ஓட்டம் வேறு, உழைப்பு வேறு: மோட்டோகிராஸ் வண்டிகளை ஒப்பிடுவது எப்படி?

மாணவர்களே, பாகான் டத்தோவிலோ ஊத்தான் மெலிந்தாங்கிலோ ஏதாவது ஒரு மோட்டார் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "ஹோண்டாதான் உழைக்கும்", "யமஹாதான் இழுக்கும்" என்ற வாக்குவாதம் காதில் விழாமல் போகாது. கைப்பேசியில் மோட்டோகிராஸ் பந்தயக் காணொளி பார்க்கும் இளைஞர்களிடையே இதே வாக்குவாதம் வேறு பெயர்களோடு நடக்கும். ஹோண்டா சிஆர்எஃப், யமஹா ஒய்இசட், கவாசாக்கி கேஎக்ஸ், சுசுக்கி ஆர்எம்-இசட், ஆரஞ்சு நிறக் கேடிஎம் என்று பட்டியல் நீளும். எது சிறந்தது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் கேள்வியையே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பேச்சுத் தமிழிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒரு வண்டி 'நன்றாக ஓடுகிறது' என்கிறோம். இன்னொரு வண்டி 'நன்றாக உழைக்கிறது' என்கிறோம். முதலாவது செயல்திறன், இரண்டாவது நம்பகத்தன்மை. இவை இரண்டும் வேறு வேறு அளவுகள். ஒன்றைக் குதிரைத்திறன், எடை, விநாடி ஆகியவற்றால் அளக்கிறோம். மற்றதைப் பழுது, மணி நேரம், காத்திருந்த நாள் ஆகியவற்றால் அளக்க வேண்டும். பெரும்பாலான வாக்குவாதங்கள் ஒன்றை அளந்துவிட்டு மற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றன.

மோட்டோகிராஸ் என்பது மண் தடத்தில், மேடு பள்ளங்களைத் தாவிக் கடந்து ஓட்டும் பந்தயம். அதற்கான வண்டியில் முகப்பு விளக்கோ எண் தகடோ கிடையாது. சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. தடத்துக்கு மட்டுமே உரியது. உலகப் போட்டியின் உயர்ந்த பிரிவில் நான்கு வீச்சு எஞ்சின் என்றால் 450 சிசி வரை அனுமதி. இந்த 450 என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம்.

எஞ்சின் கொள்ளளவைக் கண்டுபிடிக்க நீங்கள் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரமே போதும். உருளையின் விட்டமும், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமும் தெரிந்தால் சரி. ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் வண்டியில் விட்டம் 96 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 62.1 மில்லிமீட்டர். ஆரம் 4.8 சென்டிமீட்டர்; அதன் வர்க்கத்தை 3.142 ஆலும் 6.21 ஆலும் பெருக்குங்கள். ஏறத்தாழ 449 கன சென்டிமீட்டர் வரும். இப்போது சுசுக்கி ஆர்எம்-இசட்450 வண்டியின் அளவைப் பாருங்கள்: 96, 62.1. ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. கேடிஎம் 450 வண்டியில் 95, 63.4. கணக்கிட்டால் அதே 449.

போட்டி நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகல் எடுத்தன என்று நினைக்க வேண்டாம். விதி கொள்ளளவைக் கட்டிப்போடுகிறது. இயற்பியல் மீதியைக் கட்டிப்போடுகிறது. விட்டத்தை இன்னும் பெரிதாக்கினால் தீச்சுடர் உருளையின் ஓரத்தை அடையத் தாமதமாகும். பிஸ்டன் நகரும் தூரத்தைக் கூட்டினால் அதன் வேகம் அளவு மீறும். எல்லாப் பொறியாளர்களும் ஒரே சந்துக்குள் நடந்து வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எனவே 'எங்கள் எஞ்சின்தான் பெரிய எஞ்சின்' என்று இந்த வகுப்பில் யாரும் சொல்ல முடியாது.

வேறுபாடுகள் எஞ்சினைச் சுற்றித்தான் இருக்கின்றன. கேடிஎம் எஃகுக் குழாய்ச் சட்டம் வைக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் அலுமினியச் சட்டம் வைக்கின்றன. முன்சக்கர அதிர்வுதாங்கியில் கேடிஎம் காற்றை அடைத்துச் சுருளாக்குகிறது; ஹோண்டாவும் யமஹாவும் உலோகச் சுருள்வில்லை நம்புகின்றன. யமஹா 2010 முதல் தன் 450 வண்டியின் எஞ்சினைத் திருப்பி வைத்தது. காற்று முன்பக்கத்திலிருந்து நுழையும், புகை பின்பக்கம் வெளியேறும். மற்றவர்கள் மின்விசைப் பொத்தானுக்கு மாறிய பிறகும் சுசுக்கி பல ஆண்டுகளாக உதைத்துக் கிளப்பும் முறையையே வைத்திருந்தது. ஓட்டுபவருக்கு இவை எல்லாம் உணரக்கூடிய வேறுபாடுகள். ஆனால் 'எது சிறந்தது' என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல இவை போதா.

இங்கே ஒரு வேடிக்கை. ஆஸ்திரியாவின் கேடிஎம் குழுமம் 2013-இல் ஹஸ்க்வர்னா பெயரையும், பின்னர் ஸ்பெயினின் காஸ்காஸ் பெயரையும் தன் குடையின்கீழ் கொண்டுவந்தது. ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு என மூன்று நிறத்தில் அந்த மோட்டோகிராஸ் வண்டிகள் வருகின்றன. எஞ்சினும் சட்டமும் அடிப்படையில் ஒன்றே. ஆனாலும் 'வெள்ளை வண்டி ஆரஞ்சைவிட உழைக்கும்' என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வண்ணப் பூச்சுக்கு அவ்வளவு சக்தி!

சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம். செம்பனைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் நாள்தோறும் ஓடுவது மோட்டோகிராஸ் வண்டி அல்ல, கப்சாய். 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் வம்சம் அது. அந்த வம்சம் 2017-இல் 10 கோடி வண்டிகள் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. மலேசியாவில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து நாம் பார்த்துவரும் ஹோண்டா இஎக்ஸ்5 அதில் ஒன்று. பழைய இஎக்ஸ்5 எஞ்சினின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். சூத்திரத்தில் போட்டால் 97 சிசி.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோம். மோட்டோகிராஸ் 450 வண்டி ஏறத்தாழ 110 கிலோ. எஞ்சின் 50 முதல் 60 குதிரைத்திறன் வரை தரும். நடுவில் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்5 ஏறத்தாழ 100 கிலோ. 7 அல்லது 8 குதிரைத்திறன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்தால், மோட்டோகிராஸ் வண்டியில் ஒவ்வொரு குதிரையும் இழுக்க வேண்டியது 3 கிலோ சொச்சம். இஎக்ஸ்5-இல் ஒவ்வொரு குதிரையும் 21 கிலோ இழுக்க வேண்டும். ஏழு மடங்கு வித்தியாசம். செயல்திறன் என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஏழு மடங்குக்கு விலை எங்கே கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதுதான் இன்றைய பாடத்தின் முக்கியப் பகுதி. நிதானமாகக் கணக்கிடுங்கள்.

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வருகிறது. ஆகவே ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம், நகரும் தூரத்தின் இரு மடங்கு. சிஆர்எஃப்450ஆர் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்தால், 2 × 0.0621 × 11,000 ÷ 60. விநாடிக்கு ஏறத்தாழ 22.8 மீட்டர். இஎக்ஸ்5 தன் முழு வேகமான 8,000 சுற்றில் ஓடினால், 2 × 0.0495 × 8,000 ÷ 60. விநாடிக்கு 13.2 மீட்டர். ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர் யாரும் எப்போதும் 8,000 சுற்றில் ஓட்டுவதில்லை. பாதி வேகத்தில் ஓட்டுவார். மோட்டோகிராஸ் வீரரோ பந்தயம் முழுதும் உச்சத்தை ஒட்டியே ஓட்டுவார்.

வேகத்தைவிடக் கொடியது முடுக்கம். பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும், அடியிலும் அப்படியே. அந்தத் திருப்பத்தில் அதன் மீது விழும் முடுக்கம், சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுழற்சி இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. தோராயமாகக் கணக்கிட்டால் அந்த 11,000 சுற்றில் பிஸ்டன் தாங்கும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 4,000 மடங்குக்கும் மேல். இஎக்ஸ்5-இல் அதன் முழு வேகத்தில்கூட 1,800 மடங்கை எட்டாது. பாதி வேகத்தில் அதிலும் கால் பங்குதான். இணைப்புத் தண்டையும் அதன் தாங்கிகளையும் யார் அதிகமாகப் பிய்த்து இழுக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

அதனால்தான் மோட்டோகிராஸ் வண்டியின் கையேட்டில் கிலோமீட்டர் கணக்கே இருக்காது, மணிக் கணக்குதான். எஞ்சினில் ஒரு சிறிய மணிமானியைப் பொருத்திக்கொள்வார்கள். பந்தயத்துக்கு ஓட்டினால் ஆறு பந்தயத்துக்கு ஒரு முறை, அதாவது ஏறத்தாழ 15 மணி நேரத்தில், பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. 15 மணி நேரம்! சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 600 கிலோமீட்டர். தினமும் 30 கிலோமீட்டர் போய்வரும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கப்சாய் 20 நாளில் அந்தத் தூரத்தை முடித்துவிடும். இருபது நாளுக்கு ஒரு முறை பிஸ்டன் மாற்ற அவருக்கு எங்கே கட்டுப்படி ஆகும்?

இதை வைத்து 'மோட்டோகிராஸ் வண்டி மட்டமான தயாரிப்பு' என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. அதன் பிஸ்டன் மெலிதாகவும் இலேசாகவும் வேண்டுமென்றே செய்யப்பட்டது. ஆயுளைக் குறைத்து வேகத்தை வாங்கியிருக்கிறார்கள். தெரிந்தே செய்த பேரம் அது. கப்சாயை வடிவமைத்தவர் வேகத்தைக் குறைத்து ஆயுளை வாங்கினார்.

இன்னொரு நுணுக்கம். ஒரு நிறுவனத்தின் கையேடு 15 மணி என்கிறது. வேறொன்று 50 மணி என்கிறது. அப்படியானால் இரண்டாவது வண்டி மூன்று மடங்கு உழைக்குமா? இல்லை. கையேட்டில் இருப்பது நிறுவனம் சொல்லும் அறிவுரை. பழுதின் அளவு அல்ல. ஒருவர் எச்சரிக்கையாகச் சொல்கிறார், இன்னொருவர் துணிந்து சொல்கிறார். மருத்துவர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொல்கிறார், வேறொருவர் ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொல்கிறார் என்பதால், இரண்டாமவரின் நோயாளிகள் அதிக ஆரோக்கியமானவர்கள் என்று ஆகிவிடுமா?

அடுத்து, 'வெற்றி பெற்ற வண்டியே நல்ல வண்டி' என்ற வாதம். இது கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவின் சூப்பர்கிராஸ் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். விளையாட்டரங்குக்குள் மண் கொட்டி நடத்தும் மோட்டோகிராஸ் அது. கூப்பர் வெப் என்ற வீரர் 2019-லும் 2021-லும் கேடிஎம் வண்டியில் 450 பிரிவின் பட்டத்தை வென்றார். 2025-இல் மீண்டும் வென்றார், யமஹா வண்டியில். ஈலை டோமாக் 2020-இல் கவாசாக்கியிலும் 2022-இல் யமஹாவிலும் வென்றார். இரண்டு வீரர்கள், மூன்று நிறுவனங்கள், ஐந்து பட்டங்கள். நிறுவனம் மாறியும் பட்டம் வீரரோடு போயிருக்கிறது என்றால், அந்தப் பட்டம் எதை அளக்கிறது? வண்டியை மட்டும் அல்ல என்பது உறுதி.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பரிசோதனைக்கு முன் மூன்று மாறிகளை எழுதியது நினைவிருக்கும்: தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இடைநிலைப்பள்ளியில் இவற்றையே 'பெம்போலே உபா' என்று மலாயில் எழுதுகிறீர்கள். வண்டி நிறுவனம் நாம் மாற்றும் மாறி. சுற்று நேரம் நாம் அளக்கும் மாறி. வீரர், தடம், சக்கர உறை, அன்றைய ஈரம், பட்டறைக் குழுவின் திறமை ஆகியவை மாறாமல் இருக்க வேண்டியவை. பந்தயத்தில் இவற்றில் ஒன்றுகூட மாறாமல் இருப்பதில்லை. பந்தயம் கண்ணுக்கு விருந்து. பரிசோதனை என்ற முறையில் அது படுமோசம்.

நம்பகத்தன்மைக்குச் சற்று நெருங்கிய சான்று வேண்டுமானால் நெடுந்தூர ரேலிப் பந்தயங்களைப் பார்க்கலாம். டக்கார் ரேலி ஏறத்தாழ இரண்டு வாரம் பாலைவனத்தில் நடப்பது. வண்டி கடைசிவரை தாக்குப்பிடித்தால்தான் பெயர் பட்டியலில் வரும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவைக் கேடிஎம் 2001 முதல் 2019 வரை தொடர்ந்து 18 முறை வென்றது (2008-இல் பந்தயம் நடக்கவில்லை). 2020-இல் ஹோண்டா அந்தச் சங்கிலியை அறுத்தது. பதினெட்டு முறை என்பது சும்மா வராது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்த ஆண்டுகளில் தொடக்கக் கோட்டில் நின்ற வண்டிகளில் பெரும் பகுதி கேடிஎம்தான். நூறு பேரில் அறுபது பேர் ஒரே சட்டை அணிந்திருந்தால், வெற்றி பெறுபவர் அந்தச் சட்டையில் இருக்கும் வாய்ப்பும் அதிகம்தானே.

இந்தப் பந்தயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனம், ஷெர்கோ என்ற ஐரோப்பிய நிறுவனத்தோடு சேர்ந்து டக்காரில் வண்டி ஓட்டியிருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா அந்த வண்டியில் 2024-இல் ரேலி 2 பிரிவை வென்றார். மொத்தப் பட்டியலில் 11-ஆவது இடம். அவரும் மோட்டோகிராஸில் பழகி வந்தவர்தான். இதை வைத்து டிவிஎஸ் வண்டிதான் மிகவும் உழைக்கும் என்று நான் சொன்னால், மேலே உள்ள பத்திகளை நானே படிக்கவில்லை என்று பொருள்.

இப்போது பட்டறை வாசலுக்குத் திரும்புவோம். "எங்கள் பட்டறைக்கு மாதம் 30 இஎக்ஸ்5 வருகிறது, அந்த இன்னொரு வண்டி ஐந்துதான் வருகிறது. எது உழைக்கிறது என்று நீயே சொல்" என்று ஒரு மெக்கானிக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உடனே கேட்க வேண்டிய கேள்வி: இந்த வட்டாரத்தில் மொத்தம் எத்தனை இஎக்ஸ்5? எத்தனை அந்த இன்னொரு வண்டி? கற்பனைக்கு 600-ம் 50-ம் என்று வைப்போம். 600-இல் 30 என்றால் 5 விழுக்காடு. 50-இல் 5 என்றால் 10 விழுக்காடு. தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. பின்னத்தில் மேலே உள்ள எண்ணைத்தான் எல்லாரும் சொல்வார்கள். கீழே உள்ள எண்ணை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கீழே உள்ள எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. இஎக்ஸ்5-களின் வயது என்ன? ஒவ்வொன்றும் எவ்வளவு ஓடியிருக்கிறது? புதிய வண்டியில் தொழிற்சாலைக் குறைகளால் முதலில் சில பழுதுகள் வரும். பிறகு நெடுங்காலம் அமைதி. கடைசியில் தேய்மானத்தால் பழுதுகள் குவியும். இதை வரைபடமாக வரைந்தால் குளியல் தொட்டியை நெடுக்குவாட்டில் வெட்டியது போல இருக்கும். ஒரு வண்டியைத் தொட்டியின் நடுவிலும் மற்றதைத் தொட்டியின் விளிம்பிலும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும்.

'முப்பது வருடமாகத் தாத்தாவின் வண்டி இன்னும் ஓடுகிறது' என்ற பெருமைப் பேச்சிலும் இப்படி ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. ஓடுகிற வண்டிதான் கண்ணில் படும். அதே ஆண்டு வாங்கிப் பழைய இரும்புக்குப் போன வண்டிகள் கண்ணில் படுவதில்லை. ஓடுகிற அந்த வண்டியிலும் எத்தனை பாகம் பழையது என்று தாத்தாவிடமே கேளுங்கள். பிஸ்டன், சங்கிலி, சக்கரக் கம்பி, கார்புரேட்டர், இருக்கை என்று மாற்றியதைச் சொல்லிக்கொண்டே போவார். 'அது ஒன்றும் பெரிசு இல்லை' என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டு நிறுவனங்களின் வண்டிகளைப் பத்துப் பத்தாக எடுத்து ஒவ்வொன்றையும் 40 மணி நேரம் ஓட்டுகிறோம். ஒரு பக்கம் 400 மணி நேரத்தில் 5 பழுது. அதாவது 80 மணிக்கு ஒன்று. மறுபக்கம் 3 பழுது. 133 மணிக்கு ஒன்று. பார்க்கப் பெரிய வித்தியாசம். ஆனால் எட்டு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். சரியாக நான்கு தலை, நான்கு பூ விழும் வழிகள் 256-இல் 70 மட்டுமே. மீதி 186 வழிகளில், அதாவது ஏறத்தாழ 73 விழுக்காடு நேரங்களில், 5-3 என்றோ அதைவிட ஏறுமாறாகவோதான் விழும். இரண்டு நிறுவனங்களும் உண்மையில் சமமாக இருந்தால்கூட இப்படி ஒரு வித்தியாசம் தானாகவே வரும். நண்பர் ஒருவரின் ஒரே ஒரு வண்டியை வைத்துச் சொல்லப்படும் தீர்ப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, குடும்ப வருமானத்தோடு நேரடியாக மோதும் ஒரு கணக்கு. வண்டி எத்தனை முறை பழுதாகிறது என்பது பாதிக் கதை. பழுதானால் எத்தனை நாள் நிற்கிறது என்பது மீதிக் கதை. முதல் வண்டி 200 நாளுக்கு ஒரு முறை பழுதாகிறது. ஆனால் உதிரிப்பாகம் சுங்கை சுமுன் கடையிலேயே இருப்பதால் அரை நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டாவது வண்டி 400 நாளுக்கு ஒரு முறைதான் பழுதாகிறது. ஆனால் பாகத்தைத் தருவிக்க 14 நாள் ஆகிறது. ஓடிய நாளை, ஓடிய நாளும் நின்ற நாளும் சேர்ந்த தொகையால் வகுங்கள். முதலாவதற்கு 200 ÷ 200.5, 99.75 விழுக்காடு. இரண்டாவதற்கு 400 ÷ 414, 96.6 விழுக்காடு. குறைவாகப் பழுதாகும் வண்டிதான் அதிக நாள் கைவிடுகிறது. அந்தப் பதினான்கு நாளும் வேலைக்கு எப்படிப் போவது, தங்கையை யார் பள்ளியில் விடுவது? பொறியாளர்கள் இந்த அளவுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் 'கைக்கு உதவும் விகிதம்' என்று சொல்லலாம்.

பாகம் கிடைப்பது கடைக்காரரைப் பொறுத்தது மட்டுமல்ல. 2024 நவம்பரில் கேடிஎம் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. உற்பத்தி மாதக்கணக்கில் தடைபட்டது. 2007 முதல் அதில் பங்கு வைத்திருந்த இந்தியாவின் பஜாஜ் ஆட்டோ 2025-இல் பெரும் பணம் போட்டு அதைத் தூக்கி நிறுத்தியது. வண்டியின் உலோகம் அந்த மாதங்களில் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் வண்டி வைத்திருந்தவர்களுக்கு 'பாகம் வருமா' என்ற கவலை புதிதாக வந்து சேர்ந்தது.

மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாகான் டத்தோ கடலோரக் களிமண் பூமி. மழைக்குப் பின் தோட்டப் பாதையில் சக்கர இடுக்கெல்லாம் களிமண் அப்பிக்கொள்ளும்; காய்ந்தால் தூசாகப் பறக்கும். அதோடு கடற்காற்றின் உப்பு. களிமண் சங்கிலியையும் சக்கரத் தாங்கியையும் அரிக்கும், தூசு காற்று வடிகட்டியை அடைக்கும், உப்பு மின் இணைப்புகளைத் தின்னும். தூசில் உள்ள மணல்துகள் எஞ்சினுக்குள் போனால் உருளையின் சுவரை உரசு காகிதம் போலத் தேய்த்துவிடும். மோட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் பஞ்சு வடிகட்டியைக் கழுவி, எண்ணெய் தடவி மாட்டுவது இதற்காகத்தான். அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாதவர் கையில் எந்த நிறுவனத்தின் வண்டியும் சீக்கிரம் கெடும். செய்பவர் கையில் எதுவும் கூடுதலாக உழைக்கும். ஆக, பராமரிப்பும் கட்டுப்படுத்த வேண்டிய ஒரு மாறி.

இதே காரணத்தால், பழைய மோட்டோகிராஸ் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று உங்கள் அண்ணன் ஆசைப்பட்டால், நிறுவனத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் மணிமானி எத்தனை காட்டுகிறது, கடைசியாகப் பிஸ்டன் எப்போது மாற்றப்பட்டது, பில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வடிகட்டிப் பெட்டியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் மணல் ஒட்டினால் விலை எவ்வளவு இறங்கினாலும் யோசிக்க வேண்டும். சாலையில் ஓட்ட முடியாத வண்டி அது என்பதையும் நினைவூட்டுங்கள். சாலையில் ஓட்டும் சிறிய வண்டிக்கே 16 வயதும் பி2 உரிமமும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய ஓர் ஆய்வு. வீட்டில் கப்சாய் இருந்தால் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை அதற்கென ஒதுக்குங்கள். எண்ணெய் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதுங்கள். பழுதானால் என்ன பழுது, எந்தப் பாகம், எத்தனை ரிங்கிட் என்று எழுதுங்கள். எதைப் பழுது என்று கணக்கில் எடுப்பது என்பதை முதல் பக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். காற்றுப் போன சக்கரம் பழுதா? குறித்த நாளில் மாற்றிய எஞ்சின் எண்ணெய் பழுதா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நமக்குப் பிடித்த நிறுவனத்துக்குச் சாதகமாகக் கை தானாக வளையும்.

வகுப்பில் இருபது பேர் ஒரே விதியின்படி ஓராண்டு எழுதினால், நிறுவனத்துக்கு நிறுவனம் பழுதுகளின் கூட்டுத்தொகையை எடுத்து, ஓடிய மொத்தக் கிலோமீட்டரால் வகுக்கலாம். வண்டியின் வயதை 'ஐந்து ஆண்டுக்குள்', 'அதற்கு மேல்' என்று இரு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தோட்டப் பாதையில் ஓடுபவற்றைத் தார்ச்சாலையில் ஓடுபவற்றோடு கலக்காதீர்கள். உதிரிப்பாகம் வரக் காத்திருந்த நாள்களுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டு, வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை என்றாலும் அதில் சுழியம் என்று எழுதி வையுங்கள்.